ராமநாதபுரத்தில் அருவி எங்கே இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி ராமநாதபுரம் வந்திருக்கிறீர்கள். அங்கே இருந்தவரை மாதம் ஒரு ஞாயிறாவது சிறுவாணிச் சாலையில் சாடிவயல் வரை போய், காட்டு வழியில் நடந்து, கோவைக் குற்றாலத்தில் குளித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவது வழக்கம். இங்கே வந்த நாளிலிருந்து பிள்ளைகள் இரண்டு பேரும் “இந்த ஊர் ஃபால்ஸ் எங்கேப்பா?” என்று நச்சரிக்கிறார்கள். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச தூரம் நடந்து, தண்ணீரைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புகிற மாதிரி ஓர் இடம் பக்கத்தில் உண்டா என்று கேட்கிறீர்கள்.

அருவி என்று கேட்டால் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் முழுக்க அலசினாலும் ஒன்றுகூடக் கிடைக்காது. தண்ணீர் விழ வேண்டுமானால் முதலில் அது ஏறி நிற்க ஒரு மலை வேண்டும். எங்களுக்கு அதுதான் கிடையாது. பர்வதம் என்று பெயர் வாங்கிய இடம் ஒன்று ராமேசுவரத்தில் இருக்கிறது, கந்தமாதன பர்வதம். போய்ப் பார்த்தால் ஒரு மணல்மேடு, அதன் மேல் இரண்டு அடுக்கு மண்டபம், உள்ளே ராமர் பாதம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தினமும் பார்த்து வளர்ந்த உங்கள் பிள்ளைகள் அதைப் பர்வதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மண்டபத்தின் மேல்தளத்தில் ஏறி நின்றால் தென்னந்தோப்பும் கோயில் கோபுரமும் கடலும் சுற்றிச் சுற்றித் தெரியும். தீவில் அதைவிட உயரமான இடம் இல்லை என்பதே இந்த மண் எவ்வளவு தட்டை என்பதற்குச் சாட்சி.

சரி, உங்கள் கோயம்புத்தூர் ஞாயிற்றுக்கிழமையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அருவிக்கு அடியில் நின்றது எவ்வளவு நேரம் இருக்கும்? கூட்டத்தில் அரைமணி நேரம். மீதியெல்லாம் விடியற்காலைப் பயணம், வழியில் டீ, நடை, கல்லைப் பொறுக்குவது, பறவையைக் காட்டுவது, ஈரத்துணியோடு தூங்கிக்கொண்டே திரும்புவது. அதெல்லாம் இங்கேயும் நடக்கும். தண்ணீர்தான் தலையில் கொட்டாது. இந்த ஊரில் அது மண்ணுக்குள்ளிருந்து ஊறும், இல்லையென்றால் பக்கவாட்டில் வந்து மோதும்.

நான் அனுப்புவது தனுஷ்கோடிக்குத்தான். “அதுதான் எல்லோருக்கும் தெரியுமே” என்று சொல்லிவிடாதீர்கள். ராமேசுவரத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இருபத்திரண்டு தீர்த்தமாடிய ஈரத்தலையோடு மத்தியானம் 12 மணிக்கு வேனில் போய் இறங்கி, நான்கு போட்டோ எடுத்துக்கொண்டு, மணல் சூடு தாங்காமல் ஓடிவருகிறார்கள். அந்தத் தனுஷ்கோடியை நான் சொல்லவில்லை. நீங்கள் ராமநாதபுரத்திலேயே குடியிருப்பவர்கள். காலை நான்கரைக்குக் கிளம்ப முடியும். அந்த வசதியை வீணாக்காதீர்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கிருந்து சாலை முடிகிற அரிச்சல்முனை இன்னும் 20 கிலோமீட்டர் சொச்சம். உச்சிப்புளி, மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருக்க வேண்டும், அதுதான் கணக்கு. சாலைப் பாலம் 1988இல் திறந்தது, இரண்டே கால் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல். பக்கத்தில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், கப்பல் வந்தால் நடுவில் இரண்டு கை விரிப்பதுபோல் திறந்துகொடுத்தது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் இப்போது ஓடுகிறது. புதியதில் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளத்துக்கு, லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே எழும்பும். உங்கள் பையனுக்கு இந்த ஒன்றே ஒரு நாள் பேச்சுக்குப் போதும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது, எல்லோரும் நிறுத்துகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள், அந்த நேரத்தில் மீன் லாரிகள் வருகிற வேகம் சாதாரணமல்ல.

ராமேசுவரம் ஊருக்குள் போகாமல் நேராகத் தனுஷ்கோடிச் சாலையைப் பிடியுங்கள். கொஞ்ச தூரத்தில் கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் பாதை வரும். அந்தக் கிளைச்சாலையின் இரண்டு பக்கமும் முழங்காலளவு உப்புத்தண்ணீர். மார்கழியிலிருந்து மாசி வரை அங்கே பூநாரைகள் இறங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெள்ளைத் துணியைத் துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கும். பறக்கும்போதுதான் இறக்கைக்குள் இருக்கும் ரோஸ் நிறம் வெளியே வரும். 2025இல் அரசு இந்தப் பக்கத்தைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டது. கதவை அடித்துச் சாத்தாமல் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், டிரோன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

முகுந்தராயர் சத்திரத்தோடு முன்பு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்புறம் பழைய வேன்களில் ஏறி, மணலிலும் தண்ணீரிலுமாகக் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடைக்காதவர் தலையில் அடி நிச்சயம். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்குச் சாலை திறந்தார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வேன் காலத்தில் போனவர்களுக்குத் தனுஷ்கோடி என்பது உலகத்தின் கடைசி மாதிரி இருந்தது. இப்போது அது பார்க்கிங் உள்ள ஒரு இடம். இந்த வயிற்றெரிச்சல் என்னோடு போகட்டும்.

இந்தச் சாலையில்தான் உங்கள் நடை. முனை வரை போய்த் திரும்பும் அவசரம் வேண்டாம். பழைய ஊருக்கு முன்னாலேயே ஓரமாக, தாரைவிட்டு இறங்காமல், வண்டியை நிறுத்துங்கள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் காது கொடுங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பக்கத்தில் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண்கடல். பெரும்பாலான மாதங்களில் பெயருக்கேற்றபடிதான் இருக்கும். இடது காதில் ஒன்றும் கேட்காது, குளம் மாதிரி கிடக்கும். வலது காதில் அலை இரைந்துகொண்டே இருக்கும். வாடைக்காற்று பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகைக்கு அப்புறம் கதை தலைகீழ்: பெண்கடல் பொங்கும், ஆண்கடல் அடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் சில இடங்களில் நிலம் கல்லெறி தூரம்தான்.

அங்கிருந்து இடிந்த ஊருக்கு நடந்து போங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் மொத்தமும் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. ரயில் நிலையச் சுவர், தண்ணீர்த்தொட்டி, கூரையில்லாத மாதா கோயில், தபால் ஆபீஸ் என்று எஞ்சி நிற்பவை சில. புயல் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வழியெல்லாம் ஆள் இருக்கிறது, சங்குக் கடைக்காரரே சொல்லுவார். நான் சொல்லுவது வேறு. மாதா கோயிலின் சுவருக்குப் பக்கத்தில் போய், மூக்கு தொடும் தூரத்தில் நின்று பாருங்கள். அது செங்கல் இல்லை, பவளப்பாறையை வெட்டி அடுக்கியது. ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாக, தேன்கூடு மாதிரி, நட்சத்திரம் மாதிரி குழிகள். சிலவற்றில் கிளிஞ்சல் அப்படியே பதிந்து நிற்கும். ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்த பூச்சிகள் கட்டிய கூடு, அப்புறம் மனிதர்கள் கட்டிய கோயில். பெயர் கிறுக்கியிருக்கும் இடத்தை விட்டுவிட்டு மேற்குச் சுவரைப் பாருங்கள். என் மகள் அங்கே அரைமணி நேரம் நின்று நோட்டில் வரைந்துகொண்டாள். அவள் அம்மாதான் வெயில் ஏறுது வெயில் ஏறுது என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

இடிபாடுகளுக்குப் பக்கத்தில் மீனவர்கள் குடிசை போட்டிருக்கிறார்கள். அங்கே யாரையாவது கேட்டு ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்கு இந்த மண் தருகிற பதில் அதுதான் என்று எனக்குத் தோன்றும். கூப்பிடு தூரத்தில் கடல். நடுவே மணலில் ஒரு பள்ளம், முழங்கால் ஆழம்கூட இருக்காது. அடியில் ஒரு சாண் தண்ணீர். நாங்கள் போனபோது ஒரு அக்கா சின்னக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கிண்ணத்தை வேகமாக அமுக்கினால் மணல் கலங்கும்; அதனால் தண்ணீரின் மேல்முகத்தைச் சாய்த்து வழித்தெடுக்கிற மாதிரி எடுத்தார். பள்ளம் காலியானதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றுச் சுவரில் மணல் கருத்து, மினுமினுத்து, சின்னச் சின்ன நூலாகத் தண்ணீர் இறங்கி மறுபடி சேர்ந்தது. ஒரு வாய் கொடுத்தார். துளி உப்பு இல்லை.

இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை கூடுதல். அதனால்தான் ஆழமாகத் தோண்டுவதில்லை. பேராசைப்பட்டுத் தோண்டினால் உப்பு மேலே வந்துவிடும். மோட்டார் போட்டு உறிஞ்சினாலும் அதே கதிதான். எங்கள் அப்பத்தா சத்திரக்குடிப் பக்கம் காய்ந்த கண்மாய்க்குள் இதே மாதிரி ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிறைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

திரும்பி வரும்போது தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வில்லூண்டித் தீர்த்தத்தையும் பார்த்துவிடுங்கள். கடலுக்குள் ஒரு நடைமேடை போகும், அதன் கடைசியில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்பு, வாளியில் இறைத்தால் நல்ல தண்ணீர். சீதைக்குத் தாகம் எடுத்தபோது ராமர் வில்லை ஊன்றியதில் பொங்கியது என்று கதை. பிள்ளைகளுக்கு முதலில் ஊற்றைக் காட்டிவிட்டு அப்புறம் இதைக் காட்டினால், அவர்களே இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். கோயிலுக்கு வந்தவர்கள் கூட்டமாக இறங்கும் நேரம் தவிர மற்றபடி அமைதியான இடம்தான்.

இனி எச்சரிக்கைகள். முதலாவது என் சொந்த அசட்டுத்தனம். மூன்று வருடத்துக்கு முன், பெண்கடல் பக்கம் நிழலாக ஒரு மேடு தெரிகிறது என்று காரைத் தாரிலிருந்து இறக்கினேன். ஐம்பது அடி கூடப் போகவில்லை, முன்சக்கரம் இரண்டும் பாதிக்குமேல் புதைந்தன. நான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஐந்தாறு பேர் சிரித்துக்கொண்டே வந்து, டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொல்லி, சக்கரத்துக்கு முன்னால் பனையோலையும் பழைய சாக்கும் போட்டு, “மிதிக்காதீங்க அண்ணே, உருட்டுங்க” என்று தள்ளிவிட்டார்கள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. டீக்கு மட்டும் சம்மதித்தார்கள். ராமேசுவரம் வந்து காற்றடிக்கும் வரை கார் ஆமை மாதிரி ஊர்ந்தது.

இரண்டாவது குளியல். அரிச்சல்முனையில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம். இரண்டு கடலும் இழுக்கிற இடம், அடிமணல் நிலையாக இருக்காது, இரண்டு எட்டு வைத்தால் பள்ளம். அருவியில் குளித்துப் பழகியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர் பயமாகவே தெரியாது, அதுதான் ஆபத்து. மூன்றாவது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மணல் பறந்து கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்தும். சில நாள் சாலையையே மூடிவிடும். நடைக்கு நல்லது தை, மாசி. தண்ணீர், தொப்பி, செருப்பு மூன்றும் அவசியம், கருவேல முள் எல்லா இடத்திலும் கிடக்கும். சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். காலை 9 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள் என்பதுதான் என் கணக்கு. அதற்கு மேல் அங்கே நிழல் என்று ஒன்று இல்லை.

குளித்தே தீருவோம் என்றால் அரியமான். உச்சிப்புளியிலிருந்து பிரியும் சாலை, சவுக்குத் தோப்பு, பெண்கடல் கரை. நெடுந்தூரத்துக்கு ஆழமில்லாமல் போகும். கூட்டம் பிடிக்காதென்றால் ஞாயிறு மாலையைத் தவிர்த்துவிடுங்கள். காடு மாதிரி ஒன்று வேண்டுமென்றால் காரங்காடு. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றில் பென்சில் நட்ட மாதிரி வரிசையாக நிற்கும். நடக்க அதிகம் வழியில்லை என்பதுதான் குறை. வெளியூர் போக நேரமில்லாத ஞாயிறுகளுக்கு, ஊர் ஓரத்திலேயே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. 2025இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த பறவைகள் சரணாலயம். கண்மாயில் தண்ணீர் இருக்கும் வருடத்தில் கரைமேல் காலை நடை போனால் நாரைக்கூட்டம் கண்ணில் படாமல் போகாது.

இதெல்லாம் கேட்டபின்னும், “இல்லை, தலையில் தண்ணீர் கொட்ட வேண்டும்” என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ஒருநாள் பயணம் மறந்துவிடுங்கள், ஓர் இரவு தங்க வேண்டும். மதுரையே 115 கிலோமீட்டர். குற்றாலமும் கொடைக்கானலும் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்குமேல். சாலையோர அருவி என்று நீங்கள் கேட்டதற்குக் கச்சிதமாகப் பொருந்துவது கொடைக்கானல் மலைப்பாதையில் இருக்கும் வெள்ளி அருவிதான். ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால், வளைவிலேயே 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் பார்க்கிற அருவி, குளிக்கிற அருவி இல்லை. கொடைக்கானல் ஏரியில் மிஞ்சிய தண்ணீர்தான் அது. அதே பாதையில் டம் டம் பாறையில் நிறுத்தினால் எதிர்மலையில் தலையாற்று அருவி ஒரு வெள்ளை நூலாகத் தொங்கும். எலிவால் அருவி என்பதும் அதைத்தான். 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது. மேகம் இறங்கினால் ஒன்றும் தெரியாது, காலையிலேயே போய்விடுங்கள். கொடைக்கானலுக்கு வண்டி கொண்டுபோக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும்.

குளிக்க என்றால் என் ஓட்டு பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கும்பக்கரைக்கு. பாறையில் தண்ணீர் அரித்த குழிகளுக்கு யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வனத்துறை ஆள் எங்கே குளிக்கச் சொல்கிறாரோ அங்கே மட்டும் குளியுங்கள். குற்றாலம் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, சாரல் இருக்கும்போது. மேலே மலையில் பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் ஒரு பையன் போனான். “இன்று குளிக்கத் தடை” என்று பலகை வைத்திருந்தால் அதோடு வாதாட வேண்டாம். அப்புறம் மலையில் நினைத்த இடத்தில் ஏறிப்போகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். 2018இல் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்த குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு அனுமதியில்லாத மலையேற்றத்துக்கு வனத்துறை இடம் கொடுப்பதில்லை. 2024 அக்டோபரிலிருந்து டிரெக் தமிழ்நாடு என்ற பெயரில் அரசே 40 பாதைகளுக்கு வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது, அதில் பதிவு செய்துகொண்டு போகலாம்.

இந்தக் கும்பக்கரைத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? பாம்பாறு, வராக நதி என்று பெயர் மாறி வைகைக்கு வருகிறது. தலையாற்று அருவியின் மஞ்சளாறும் வைகைக்குத்தான். வைகை 258 கிலோமீட்டர் ஓடி வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் நிறைகிறது. மிஞ்சினால்தான் ஆற்றங்கரை ஊருக்குப் பக்கத்தில் கடல். மிஞ்சுவது அபூர்வம், அதனால்தான் வைகை கடலைப் பார்க்காத ஆறு என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். மலையின் தண்ணீருக்காக ஏங்குவதும் எங்களுக்குப் புதிதல்ல. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் விட முடியுமா என்று 1789இலேயே மலையேறிப் பார்க்க ஏற்பாடு செய்தவர் சேதுபதி மன்னரின் பிரதானி, அதாவது மந்திரி, முத்திருளப்ப பிள்ளை. செலவு தாங்காது என்று அப்போது விட்டுவிட்டார்கள். பென்னிகுவிக் அணை கட்டி முடித்தது 1895இல். நீங்கள் கொடைக்கானல் போகும் வழியில் பார்த்திபனூரைத் தாண்டும்போது, வைகையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று யாரையாவது கேளுங்கள். திறந்திருந்தால் மதகு அணைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். ஷட்டருக்கு அடியில் நுரைத்துக்கொண்டு போகும் தண்ணீரைப் பார்க்க வேலைவெட்டியை விட்டுவிட்டு ஜனம் நிற்கும். வறண்ட நாட்டுக்காரர்கள் தண்ணீரைப் பார்க்கும் பார்வையே தனி.

கடைசியாக ஒன்று, இதுதான் நாங்கள் குளித்து வளர்ந்த அருவி. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கலுங்கில் தண்ணீர் விழும். கரையின் ஓரத்தில் கருங்கல்லால் கட்டிய தாழ்ந்த சுவர்தான் கலுங்கு. மேலே வரிசையாக நட்டுக்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி வழுக்கி வந்து நாலடி, ஐந்தடி கீழே விழும். அவ்வளவுதான் உயரம். நாங்கள் சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்துகொள்வோம். தோளில் விழும் அடி, பல் தந்தியடிக்கும் குளிர், காதுக்குள் ஒரே இரைச்சல், பக்கத்தில் இருப்பவன் கத்துவது வாயசைவாகத்தான் தெரியும். கீழே பெரிய பையன்கள் பழைய கொசுவலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஓடும் தண்ணீரை எதிர்த்துத் துள்ளும் ஏத்துமீன் கலுங்கில் மோதித் திரும்ப விழுந்தால் வலைக்குள் விழும்.

ஆனால் வருடாவருடம் மறுகால் பாயும் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அது நன்றாகப் பிடித்து, வைகையிலும் தண்ணீர் வந்தால், மார்கழிவாக்கில் சில நாட்கள் பாயும். அப்போது பரமக்குடிச் சாலையில் போகும்போது கரையோரம் சைக்கிளும் பைக்கும் வரிசையாகச் சாய்ந்து கிடந்தால் அங்கே இறங்கிவிடுங்கள். கலுங்குக்குக் கீழே, ஊர்ப் பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் மட்டும் இறக்குங்கள். கண்மாய்க்குள் சேறு, மடைவாய்ப் பக்கம் இழுப்பு, அங்கே வேண்டாம். தண்ணீர் கலங்கலாக இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டு அழைத்துப் போகாதீர்கள், எத்தனை சோப்பு போட்டாலும் அந்தக் கறை போகாது.